பவுலின் மேடத்துக்கும் அவர் வாங்கிய இரும்புப் பெட்டிக்கும்

மரக்காணம் உப்பளக் கால்வாய்ப் பாலப் பணித்தளத்தின் பண்டகக் காப்பாளராய் அமர்ந்து, பணி நிறைவு பெற்று இன்று விடைபெறும் திருமதி பவுலின் அவர்களுக்குப் பணித்தளத் தோழமை பணிந்தளிக்கும் மடல்.

பூட்டிய பூட்டையே மீண்டும் பூட்டிப் பார்க்கும் பொறுப்பின் பேருருவே! உப்புக் காற்று உருக்கையும் அரிக்கும் இந்தக் கரையில், உழைப்பவன் உளி உருக்குலையாமல் ஊர் திரும்ப உறக்கம் துறந்த உத்தமியே! ஆணி ஒன்று குறைந்தாலும் அன்றைய சோறு இறங்காத அன்னையே! கேட்டவுடன் கொடுக்காமலும், கொடுத்ததை மறக்காமலும், வாங்கியவர் கையிலிருந்து கண்ணை எடுக்காமலும் எங்களைக் கலங்கடித்த கண்டிப்பின் கருவூலமே! வணக்கம், வணக்கம், வாயார வணக்கம்!

அடைமொழிகள் இன்னும் ஒரு பக்கத்துக்கு இருக்கின்றன, அம்மா. ஆனால் முதல் அடைமொழிக்கே நீங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டீர்கள். "இதெல்லாம் எதுக்குப்பா" என்று எழுந்து, அந்தச் சாக்கில் ஸ்டோர் பக்கம் ஒரு நடை போய் வருவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? விழா தொடங்கியதிலிருந்து உங்கள் பார்வை பந்தலுக்குள் இருந்ததைவிடப் பந்தலுக்கு வெளியே இருந்ததுதான் அதிகம். இதற்குத் தளப் பொறியாளர் அருள்மொழி சார் ஒரு வழி சொன்னார். "அவங்களப் பத்தின்னாத்தான தடுப்பாங்க? வேற யாரோ ஒரு அம்மா கதைன்னு படிச்சிடுவோம்" என்றார். அப்படியே செய்கிறோம். இனி வருவது வேறு ஒரு பவுலின் மேடத்தின் கதை. அவரை உங்களுக்குத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள்.

கதையில் நம் பிராங்க்ளினின் பெயரும் வருகிறது. சொல்லலாமா கூடாதா என்று நாங்கள் தயங்கியபோது அவரே, "பேரைப் போட்டே எழுதுங்கண்ணே. பேர் இல்லாம எழுதினா ஜனங்க வேற யாரையாவது நெனச்சிடும்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பவுலின் மேடம் கவலைப்படவே பிறந்தவர். மழை வந்தால் சிமெண்டு நனையுமே என்று கவலை. மழை வராவிட்டால், இப்படியே காத்திருந்து கான்கிரீட் போடுகிற அன்றைக்குப் பார்த்து வருமோ என்று கவலை. மாலையில் ஸ்டோரைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், ஈ.சி.ஆர். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடப்பார். பஸ் கண்ணில் படும் நேரத்தில் திரும்பி ஓடிவந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அந்த வழியில் ஓடுகிற கண்டக்டர்களுக்கெல்லாம் இது பழகிப்போன காட்சி. "பூட்டிட்டீங்க மேடம், நான் பார்த்தேன், ஏறுங்க" என்று ஒரு கண்டக்டர் பொய் சொல்லியே அவரை ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் தொழிலில் பெரிய மெஷின்கள் கம்பெனியுடையவை. கைக்கருவிகள் மட்டும் வேலைக்காரர்களுடைய சொந்தப் பொருள்கள். தச்சர் தன் இழைப்புளியை, கம்பி கட்டுபவர் தன் கொக்கியை, கொத்தனார் தன் கரண்டியை அடுத்தவர் தொட விடமாட்டார். பாலத்துக்குப் பள்ளம் எடுத்த புதிதில் அவை எல்லாம் மாலையானால் ஒரு தகரப் பெட்டிக்குள் போயின. கல்யாணச் சீரில் கொடுக்கிற டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு பெட்டி. அதன் பூட்டை உப்புக் காற்று ஏற்கனவே பாதி தின்றிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

மேற்கே உள்ளடங்கிய ஒரு கிராமத்திலிருந்து வந்து வேலை செய்த தச்சர் வெங்கடாசலம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவர் கத்தியிருந்தால் மேடத்துக்கு மனசு ஆறியிருக்கும். அவர் கத்தவில்லை. "கையே போன மாதிரி இருக்குது மேடம். நான் ஊருக்குப் போறேன்" என்றார். போனார். திரும்பி வரவே இல்லை. வேறொருவர் நம்பிக் கொடுத்த பொருளைத் தன் காவலில் வைத்துத் தொலைத்துவிட்டோம் என்ற எண்ணம் மேடத்தை அரித்தது. சோறு இறங்கவில்லை. "இனிமே ஒருத்தன் இப்படி எழுந்து போறத நான் பாக்கக் கூடாது" என்று மாதாவிடம் மன்றாடினார். கூடவே புதுப் பெட்டி வேண்டும் என்று மேலிடத்தையும் விடாமல் நச்சரித்து அனுமதி வாங்கினார்.

அடுத்த வாரமோ அதற்கு அடுத்த வாரமோ, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தவர் முன்னால் ஒரு சாக்குமூட்டையோடு பிராங்க்ளின் வந்து நின்றார். ஒரே மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர், படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், மேடத்துக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்.

"ஆண்ட்டி, இதெல்லாம் உங்க பெட்டியில இருந்தது. மீதிய வித்துட்டேன். போலீசுக்குச் சொல்றதுன்னா சொல்லுங்க. அம்மாவுக்கு மட்டும் இன்னைக்குத் தெரிய வேணாம்."

மேடத்துக்கு அறையலாம் போல வந்தது. வெங்கடாசலம் நடந்து போன முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனால் கோபத்துக்கு நடுவிலேயே அவருடைய கவலை தன் வேலையைப் பார்த்தது. தகரப் பெட்டியைத் திறந்த கை இதோ எதிரில் நிற்கிறது. இந்தக் கையால் திறக்க முடியாத பெட்டி எதுவோ, அதுதானே நமக்கு வேண்டிய பெட்டி?

"நாளைக்கு என்னோட பாண்டிச்சேரிக்கு வர்றே" என்றார்.

"ஸ்டேஷனுக்கா ஆண்ட்டி?"

"பெட்டி வாங்க."

தட்டாஞ்சாவடியில் இரும்புப் பெட்டிகள் செய்கிற பட்டறை அது. திருமுருகன் என்பவர் நடத்துகிறார். அவர் ஒவ்வொரு பெட்டியாகக் காட்டக் காட்ட, மேடம் பிராங்க்ளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் கனமான பிளாஸ்டிக்கில் ஒன்று வந்தது. துருவே பிடிக்காது என்றார் திருமுருகன். "பெட்டியோட தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார் பிராங்க்ளின். அடுத்து மெல்லிய இரும்பில் ஒன்று. பிராங்க்ளின் விரலால் தட்டிப் பார்த்து, "அட்டை" என்றார். அதற்கடுத்த பெட்டியில் பூட்டு வெளியில் தொங்கியது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கடைசியில் ஒரு மூலையில் கிடந்தது அந்தப் பெட்டி. கனத்த தகடு. இரண்டு பூட்டுகளும் பெட்டியின் உடம்புக்குள்ளேயே ஒரு குழியில் புதைந்திருந்தன. சாவி நுழையுமே தவிர, கட்டர் நுழையாது. கீல்கள் உட்புறம். மூடி நான்கு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்ததால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. தரையின் உப்பீரம் படாமல் இருக்கக் கீழே கால்கள். உள்ளிருந்தே போல்ட் போட்டுக் கான்கிரீட்டோடு பிணைத்துவிட்டால் யாராலும் தூக்க முடியாது.

"உப்புக் காத்துக்கு எத்தினி நாள் தாங்கும்?" என்று கேட்டார் மேடம்.

"வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சா தாங்கும். அடிக்கலன்னா உங்க ஊர்ல எதுதான் தாங்குது?" என்றார் திருமுருகன்.

மேடம் பிராங்க்ளினைத் தனியாகக் கூப்பிட்டார். "உண்மையச் சொல்லு. உன்னால இத உடைக்க முடியுமா?"

பிராங்க்ளின் பெட்டியைச் சுற்றி வந்தார். மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார். மூடியின் விளிம்பைத் தடவினார். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "முடியாது ஆண்ட்டி" என்றார்.

"சார் யாருங்க மேடம்? இன்ஜினியரா?" என்று திருமுருகன் மரியாதையாகக் கேட்டார்.

"வெவரம் தெரிஞ்சவரு" என்றார் மேடம்.

பெட்டி வந்து இறங்கியது. பிராங்க்ளினாலேயே உடைக்க முடியாத பெட்டி என்ற சேதியும் கூடவே வந்தது. "உள்ள ஏ.டி.எம். மெஷின் வெக்கப் போறீங்களா மேடம்?" என்று அருள்மொழி சார் கேலி செய்தார். நாங்களும் செய்தோம். மேடம் காதில் வாங்கவில்லை. பள்ளத்துக்குப் பக்கத்தில் கான்கிரீட் மேடை போட்டு, போல்ட் முறுக்கி, மேலே ஒரு தகரக் கூரையும் வைக்கச் சொன்னார். எண்ணெய் விட்டால் மணல் ஒட்டும் என்று, பென்சிலைச் சீவி அந்தக் கரிப்பொடியைப் பூட்டுக்குள் ஊதினார். அமுக்கினால் தானே பூட்டிக்கொள்கிற பூட்டுகள் அவை. இரண்டு பூட்டுக்கும் சேரும்படி ஒரே மாதிரி இரண்டு சாவிகள். ஒரு சாவி அவருடைய இடுப்பில். இன்னொரு சாவியை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. மேசை டிராயரில் வைத்தால் எவனாவது எடுத்துவிடுவான். வீட்டில் வைத்தால் பஸ்ஸில் கைப்பை தொலையலாம். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் கூரியர்க்காரன் தொலைப்பான். யோசித்து யோசித்து, கடைசியில் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிற சின்னத் தட்டறையில் வைத்துவிட்டார். அதைவிடப் பத்திரமான இடம் இந்தத் தாலுகாவில் ஏது? எங்களிடம் சொன்னபோது நாங்களும் ஆமாம் ஆமாம் என்றுதான் தலையாட்டினோம்.

அதன் பிறகு ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. மேடமாவது நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் காலையில், தகரக் கூரைக்கு அடியில், பெட்டியின் முன்னால் ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம் தெரிந்தது. முதல் நாள் மாலையில் அது அங்கே இல்லை. இடது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த தடம். யாரோ நேரே பெட்டிக்கு முன்னால் வந்து, பூட்டுக்கு எதிரில் நின்றுவிட்டு, வந்த வழியே போயிருக்கிறார்கள். காவலுக்கு ஆள் உண்டு, அவர் தூங்கவில்லை என்று அவரே சொல்வார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே தடம். பிறகு அடிக்கடி.

மேடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோருக்கும் முதலில் யார் பெயர் வாய்க்கு வரும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கும் அந்தப் பெயர்தான் வந்தது. தினமும் யாரும் வருவதற்கு முன்னால் வந்து, தடத்தைக் காலால் அழித்துவிட்டு, பெட்டியைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். இருப்பதே அவருக்குப் பயத்தைக் கூட்டியது. இன்னும் எடுக்கவில்லை என்றால் எதற்குக் காத்திருக்கிறான்?

இதற்கு நடுவில் பாலத்தின் அடித்தளத்துக்காகக் கால்வாயை இரும்புத் தகடு அறைந்து மறித்திருந்தோம். அதில் தண்ணீரை விட ஒரு ஷட்டர் உண்டு. ஷட்டரைச் சுற்றித் தூக்குகிற கைப்பிடி தனியாகக் கழன்று வரும். இறால் பிடிப்பவர்கள் ராத்திரியில் திறந்து விடுகிறார்கள் என்று மேடம் அந்தக் கைப்பிடியையும் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. நம் ஃபிட்டர் சக்கரபாணி அன்றைக்கு ஒரு பூசாரியாகவே மாறிவிடுவார். பெட்டியின் மூடியைத் தூக்கி நிறுத்தி, சாமி படத்தை உள்ளே சாய்த்து வைத்து, கருவிகளை எல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் பெட்டிக்குள்ளேயே அடுக்கினார். கடப்பாரை, சம்மட்டி, கட்டர், ஷட்டர் கைப்பிடி, எல்லாம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. பொக்லைன் சாவியும் தட்டுக்கு வந்தது. மேடம் சற்றுத் தள்ளி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மரியாதையாக நின்றார்.

"நீங்களும் உங்க சாவிய வைங்க மேடம். உங்களுக்கு அதான ஆயுதம்?" என்றார் சக்கரபாணி.

மறுக்க மனம் வரவில்லை. இடுப்பிலிருந்து கழற்றித் தட்டில் வைத்தார். சூடம் காட்டினார்கள். பொரி, கடலை, சுண்டல் வந்தது. மேடம் எல்லோர் கையிலும் பொரியை அள்ளி வைத்துக்கொண்டு இருந்தார். மறுநாள் மறுபூஜை போடுகிற வரைக்கும் ஆயுதத்தை யாரும் தொடக் கூடாது அல்லவா? சக்கரபாணி பக்தியோடு மூடியை இறக்கி, இரண்டு பூட்டையும் அமுக்கினார். டக், டக். அந்தச் சத்தம் கேட்டு மேடம் திரும்பிப் பார்த்து, பூட்டியாயிற்று என்று திருப்தியோடு தலையசைத்ததை எங்களில் பலர் பார்த்தோம்.

ஆட்கள் கலைந்து போன பிறகு மழை பிடித்தது. மேற்கே காலையிலிருந்தே கொட்டியிருக்க வேண்டும். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உப்பளத்து வரப்பு மேல் ஓடிவந்தார் கொளஞ்சியம்மாள். நாம் மறித்த கால்வாய்க்கு மேற்புறத்தில் நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்தவர். அந்தப் பருவத்தில் வாரிய உப்பு முழுவதையும் ஒரே அம்பாரமாகக் குவித்து, கீற்று போட்டு மூடி, லாரியில் ஏற்றக் காத்திருந்தவர்.

"பவுலினம்மா, தண்ணி வரப்புக்கு ஏறிட்டுதும்மா! உங்க கதவத் தொறங்கம்மா! என் அம்பாரம் கரைஞ்சிடும்மா!"

"இதோக்கா" என்று மேடத்தின் கை இடுப்புக்குப் போனது. இடுப்பில் ஒன்றுமில்லை.

"சக்கரபாணி, சாவி எங்கங்க?"

"தட்டுல மேடம்."

"தட்டு?"

சக்கரபாணி பெட்டியைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "இன்னொரு சாவி இருக்குதுன்னு சொன்னீங்களே மேடம்" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

பெட்டியை உடைக்கிற கருவி எல்லாம் பெட்டிக்குள் இருந்தது. சக்கரபாணி ஒரு கருங்கல்லைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டார், குழிக்குள் இருக்கிற பூட்டைக் கல் எட்டவில்லை. ஷட்டர் தண்டில் கயிறு சுற்றி முறுக்கினார்கள், கயிறுதான் அறுந்தது. அருள்மொழி சார் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. இந்த இடத்தை இப்போது வாசிக்கிற அவரும் குனிந்த தலை நிமிராமல்தான் வாசிக்கிறார். "நல்ல பெட்டி மேடம்" என்று சக்கரபாணி மூச்சு வாங்கச் சொன்னார். அது பாராட்டா திட்டா என்று அவருக்கே தெரியவில்லை.

அந்தப் பக்கம் தண்ணீர் அம்பாரத்தின் அடிக் கீற்றை நக்கத் தொடங்கியிருந்தது. கொளஞ்சியம்மாள் ஈரமண்ணை வெறுங்கையால் அள்ளி அள்ளி அணை போட்டார். மேடம் வெங்கடாசலத்தை நினைத்தார். இன்னொருவருடைய பிழைப்பு தன்னால் போகப் போகிறது. போன தடவை பெட்டி உடைந்ததால் போனது. இந்தத் தடவை பெட்டி உடையாததால்.

ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. மேடம் போனைக் கையில் எடுத்தார். அவனால் முடியாது என்றால் உப்பு போய்விடும். அவனால் முடியும் என்றால், அன்றைக்குப் பட்டறையில் சொன்னது பொய். பொய் என்றால் இத்தனை மாதமும் அந்தத் தடம்? 'மாதாவே, அவனால முடியணும்' என்று வேண்டினார். வேண்டிய வேகத்திலேயே, முடிந்துவிடக் கூடாதே என்றும் வேண்டினார். பிறகு போன் செய்தார்.

பிராங்க்ளின் நனைந்துகொண்டே பைக்கில் வந்து இறங்கினார். நேரே தகரக் கூரைக்கு அடியில் போய், பெட்டிக்கு முன்னால் நின்றார். மேடம் தரையைப் பார்த்தார். மண்ணில் புதிதாகப் பதிந்திருந்தது தடம். இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த அதே தடம்.

"உப்பு ஏத்த வந்த லாரி ரோட்டுல நிக்குதில்ல? அதுல ஜாக்கி இருக்கும். வாங்கிட்டு வாங்க" என்றார் பிராங்க்ளின்.

அதற்குள் சக்கரபாணி குறுக்கே வந்தார். "மேடம், பூஜை போட்டு மூடினது. மறுபூஜைக்கு முன்னாடி..."

"ஏம்பா, உப்பு லட்சுமி இல்லியா?" என்று வரப்பிலிருந்து கொளஞ்சியம்மாள் அலறினார்.

மேடம் அவர்களை அதட்டவில்லை. "உங்க சாமி உள்ள இருக்குது சக்கரபாணி. நீங்க சொன்னாத்தான் நான் கை வெக்கச் சொல்வேன்" என்றார். சக்கரபாணி பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உடைங்க மேடம். சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

லாரி டிரைவர் ஜாக்கிக்கும் பொட்டு வைத்திருந்தார். அவரும் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தார். மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது என்று வெளியே நீட்டிவிட்டிருந்த அந்த மூடி விளிம்புக்கு அடியில், பூட்டுக்கு நேராக ஜாக்கியை நிறுத்தினார் பிராங்க்ளின். மெதுவாக அழுத்த அழுத்த மூடி முனகியது. பிறகு 'டமார்' என்று ஒரு சத்தம். உப்பளத்து நாரைகள் எல்லாம் எழுந்து பறந்தன. ரோட்டில் போன பைக்குகள் நின்றன. இன்னொரு பூட்டும் அதே மாதிரி போனது. மூடி திறந்தபோது சாமி படத்தின் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. சக்கரபாணி விம்மிவிட்டார்.

ஷட்டர் தூக்கியாயிற்று. தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது. அம்பாரத்தின் அடியில் ஒரு சுற்றுக் கரைந்தது, மற்றதெல்லாம் நின்றது. கொளஞ்சியம்மாள் அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டார்.

அப்போதுதான் எல்லோரும் பிராங்க்ளினைத் திரும்பிப் பார்த்தோம். "டேய், முடியாதுன்னு சொன்னியாமே?" என்றார் சக்கரபாணி.

"உடைக்க முடியாத பெட்டின்னு அந்தக் கடையில எதுவும் இல்லண்ணே. இத உடைச்சா ஊருக்கே கேக்கும். அதனாலதான் இத எடுக்க வெச்சேன். உள்ளத சொன்னா ஆண்ட்டி வாங்கவே மாட்டாங்க. வாங்கினாலும் தூங்க மாட்டாங்க."

மேடம் நனைந்த மண்ணைக் காட்டினார். "இந்தத் தடம் உன்னுதுதான். ஏன் வந்து வந்து பாத்துட்டுப் போனே?"

பிராங்க்ளின் தலையைக் குனிந்துகொண்டார். "பெட்டிய எடுத்துக் குடுத்தவன் நான். இதுல ஒரு ஆணி காணாம போனாக்கூட உங்களுக்கு என் மூஞ்சிதான ஞாபகம் வரும்? எனக்குத் தூக்கம் வரல ஆண்ட்டி. கடலுக்குப் போறவங்களோட எழுந்து வந்து, பூட்ட ஒரு இழு இழுத்துப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

மேடம் உடைந்த பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மழையில் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "காலையில நீ, சாயங்காலம் நான். ரெண்டு பேரும் இழுத்தா பூட்டு என்னத்துக்குடா ஆவறது?"

கதை அவ்வளவுதான், அம்மா. இனி மறுபடியும் உங்களிடம் பேசுகிறோம்.

பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். நீங்கள் விடவில்லை. விளிம்பை வெட்டி, பட்டை வைத்துப் பற்றவைத்து, பெயிண்ட் அடித்து அதையே வைத்துக்கொண்டீர்கள். பிராங்க்ளினை ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டீர்கள். சாக்குமூட்டையில் வந்த கருவிகளை வெங்கடாசலத்துக்குக் கொடுத்தனுப்பினீர்கள். வாங்கிக்கொண்டார், வரவில்லை. இன்றைய விழாவுக்கும் அழைத்திருந்தோம். நீங்கள் வெளியே பார்க்கும்போதெல்லாம் நாங்களும் அந்தப் பக்கம் பார்த்தோம். இன்னும் வரவில்லை. அந்தக் கவலையை உங்களிடமிருந்து எடுக்க எங்களால் முடியவில்லை, மன்னியுங்கள்.

மற்றக் கவலைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போகலாம். கன்னத்தில் குழி விழச் சிரிக்கக் கற்றுக்கொண்டு, கடற்காற்று வாங்கி, காலாற நடந்து, கவலையற்ற கண்ணுறக்கம் கண்டு, பேரப்பிள்ளைகளின் பொம்மைப் பெட்டியைக்கூடப் பூட்டாமல், நூறாண்டு நோயின்றி நீங்கள் நிறைவாய் வாழ்க! இந்த மடலைச் சட்டம் போட்டுத்தான் தருகிறோம். ஆணி அடித்து மாட்டிவிட்டு, விழுந்துவிடுமோ என்று அடியிலேயே நிற்காதீர்கள்.

காலையிலிருந்து எல்லோரும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். சாவி இன்னும் உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது. பிராங்க்ளின் எதிரில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கொடுத்துவிடுங்கள், அம்மா.

கொடுத்த பிறகும் உங்களால் சும்மா இருக்க முடியாது. நாளைக் காலையில், தகரக் கூரைக்கு அடியில், பெட்டிக்கு முன்னால் புதிதாக ஒரு செருப்புத் தடம் இருக்கும். நாங்கள் பயப்பட மாட்டோம். அதை அழிக்கவும் மாட்டோம்.

உங்கள் கவலையில் பங்கு கேட்டு நிற்கும்,
மரக்காணம் உப்பளக் கால்வாய்ப் பாலப் பணித்தளப் பணியாளர்கள்